பத்தாயிரத்தில் ஒன்று

எனக்கு அது அரிதே இல்லை.
காலை ஒன்பதே கால். ஓட்ரா நதியோரம் ட்ராம் திரும்பும் வளைவில்
மூன்றாம் மாடி. நனைந்த கோட்டை நாற்காலிமேல் எறிந்துவிட்டு
ஒரு கட்டளை தட்டினால் போதும்,
தோளில் வந்து உட்கார்ந்துவிடும் க்ரொம்னிட்சா.

இடி இடிக்கும்போது ஜன்னலில் ஏற்றிவைப்பார்கள் எங்கள் பக்கத்தில்
அந்தப் பெயருள்ள மெழுகுவத்தியை.
சாகப்போகிறவர் கையிலும் கொடுப்பார்கள்.
ராக்கெட் லாஞ்சருக்கு ஜெமோவித் அந்தப் பெயரைச் சொன்னபோது
ஒருவரும் சிரிக்கவில்லை.

உலகம் முடிந்து நாற்பது வருஷம் கழித்து நடக்கும் கதை, மூன்றாம் பாகம்.
தண்ணீர் கிடையாது, சட்டம் கிடையாது,
துருப்பிடித்த பெட்டிகளுக்கு மட்டும் குறைச்சலில்லை.
பத்தாயிரம் பெட்டி திறந்தால் ஒன்றில் அது இருக்கும்.
கூடவே ராக்கெட், ஒன்றே ஒன்று.

எனக்குச் சம்பளம் சுடுவதற்கு.
நாளொன்றுக்கு அறுநூறு தடவை
அதே சாம்பல் நிறச் சுவரை,
குனிந்து, படியேறியபடி, செத்து விழுந்துகொண்டே.
ராக்கெட் தண்ணீரில் விழுந்தால் சத்தமில்லை என்று எழுதுவேன்.
புகை சுவருக்கு அந்தப் பக்கமும் தெரிகிறது என்று எழுதுவேன்.
எல்லாம் வெடித்த பிறகும் எங்கோ நாய் குரைக்கிறது என்று எழுதினேன்.
நாயை அப்படியே விட்டுவிட்டார்கள்.

வெடிச்சத்தம், எங்கள் கட்டடத்துக் குப்பைத்தொட்டியின் மூடி.
நான்தான் ஓங்கி அறைந்தேன், பதினோரு முறை,
மைக்கைப் பிடித்துக்கொண்டு ஹால்ஷ்கா விரல்விட்டு எண்ண.
எட்டாவதுதான் தேறியது.
அதில் மேல்மாடிக்காரர் ஜன்னலைத் திறந்து
எங்கள் வம்சத்தையே திட்டுகிறார்.
அவர் குரலை மட்டும் வெட்டி எடுத்தோம்.

அக்டோபரில் ஒரு கூட்டம்.
ஆறிப்போன காபி, அணைக்க மறந்த புரொஜெக்டர்.
அப்போது ஆயிரத்தில் ஒன்று என்றிருந்தது.
"ரொம்ப மலிவாகக் கிடைக்கிறதே" என்றேன், கண்ணைக் கசக்கிக்கொண்டு.
யாரோ ஒரு பூஜ்யம் சேர்த்தார்கள்.
அவ்வளவுதான்.
அடுத்து குதிரைகளின் வால் பற்றிப் பேசினோம்.

வெளிவந்து ஏழு மாதமாகிறது.
வீட்டில், என் காசில் வாங்கிய பிரதியில்
இருநூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் அலைந்திருக்கிறேன்.
எந்தப் பெட்டி எந்தப் படிக்கட்டின் கீழ் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
திறந்தால் கட்டுத்துணி.
திறந்தால் பாட்டரி.
திறந்தால் யாரோ பாதி தின்றுவிட்டுப் போன பீன்ஸ் டப்பா.
இங்கே தட்டுவதற்குக் கட்டளை இல்லை.
பூஜ்யம் எவ்வளவு ஆழம் என்று
விழுந்தபிறகுதான் தெரிகிறது.

நேற்று ராத்திரி பராகுவேயில் ஒருத்திக்குக் கிடைத்தது.
லிஸ் மாபெல் என்று பெயர். நேரலையில் பார்த்தேன்.
கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.
அவள் அறையில் மின்விசிறி கடகடத்தது,
பக்கத்தில் யாரோ எதையோ எண்ணெயில் போட்டார்கள்.
அவள் அதைச் சுவரோரம் சாய்த்துவைத்தாள்.
சுற்றிச்சுற்றி நடந்தாள்.
மண்டியிட்டாள்.
குழலின் அடிவயிற்றில், ஆணியால் கீறினமாதிரி, ஒரு வரி.

அறுநூறு தடவை, ஒன்றரை வருஷம்,
நான் பார்த்ததெல்லாம் சுவர்.

எங்கள் மொழியை அவள் நாக்கால் எழுத்துக்கூட்டினாள்,
தப்பும் தவறுமாக. எனக்குப் புரிந்தது:
'பயப்படுகிறவர் பிடித்துக்கொள்ளவும்.'
ஜெமோவித் சொல்லவே இல்லை.
மார்ச்சிலேயே வேலையை விட்டுப் போய்விட்டான்.

அர்த்தம் என்னவென்று அவள் எல்லோரையும் கேட்டாள்.
தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன்.
அதற்குள் எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டாள்.
எதிரியில்லாத இடமாகப் பார்த்து
வானத்தை நோக்கிச் சுட்டாள்.

குப்பைத்தொட்டி மூடி, எட்டாவது முறை.
ஜன்னல் திறக்கவேண்டிய இடத்தில்
அரை நொடி ஒன்றுமில்லை.
பிறகு நாய்.